ஒரு சக்கரம் தாரில், ஒரு சக்கரம் சேற்றில்

மழை விட்ட மறுநாள். எதிரே வரும் பஸ்ஸுக்கு வழிவிட ஒதுங்கிய ஜீப்பின் இடது பின் சக்கரம் ரோட்டோரக் களிமண்ணில் இறங்கிவிட்டது. வலது சக்கரம் தார் மேல்தான் நிற்கிறது. ஆக்சிலேட்டரை மிதித்தால் இடது சக்கரம் சேற்றை வாரி இறைத்தபடி சுற்றுகிறது. நல்ல பிடிப்புள்ள வலது சக்கரம் அசையவே மாட்டேன் என்கிறது. இன்ஜினில் இழுவை போய்விட்டது என்று நினைத்துப் பலர் இன்னும் அழுத்தி மிதிப்பார்கள். சக்கரம் இன்னும் ஆழமாகத்தான் புதையும்.

வளைவில் வெளிப்பக்கச் சக்கரம் உள்பக்கத்தைவிடக் கூடுதல் தூரம் ஓட வேண்டும். அதற்கு வழி செய்யத்தான் ஆக்சிலின் நடுவில் டிஃபரன்ஷியல் என்ற பல்சக்கர அமைப்பு. ஆனால் சாதாரண டிஃபரன்ஷியல் இரண்டு சக்கரத்துக்கும் ஒரே அளவு இழுவைதான் கொடுக்கும். வழுக்கும் சக்கரம் எவ்வளவு தாங்குமோ, மற்றதற்கும் அவ்வளவே. ஒரு கணக்குப் போடுவோம். ஒவ்வொரு பின் சக்கரத்தின் மேலும் 500 கிலோ பாரம். ஈரக் களிமண்ணில் பிடிப்பு அதில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 50 கிலோ. காய்ந்த தாரில் 350 கிலோ வரை கிடைக்கும். ஆனாலும் வண்டிக்கு வருவது 50-ம் 50-ம் சேர்த்து 100 கிலோதான். 2 டன் வண்டியை 20-க்கு 1 ஏற்றத்தில் (20 மீட்டருக்கு 1 மீட்டர் உயரும் சரிவில்) தூக்கவே அந்த 100 கிலோ தீர்ந்துவிடும். சேறு பிடித்து இழுப்பதற்கு மிச்சம் இல்லை. லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல், சுருக்கமாக எல்.எஸ்.டி., பிடிப்புள்ள பக்கத்துக்கு மூன்று மடங்கு வரை கொடுக்கும் வகை என்று வையுங்கள். 50-ம் 150-ம் சேர்ந்து 200 கிலோ. வண்டி ஏறிவிடும்.

டயரின் பிடிப்பு இதில் ஒரு கிலோகூடக் கூடவில்லை என்பதைக் கவனியுங்கள். தார் மேல் வீணாகக் கிடந்த பிடிப்பை எடுத்துப் பயன்படுத்தியது, அவ்வளவே. பட்டன் தேய்ந்த மொட்டை டயரை வைத்துக்கொண்டு எல்.எஸ்.டி.யை நம்புவது வீண். பிரேக் பிடிக்கும்போதும் இது உதவாது.

எல்லா வகையும் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை. கிளட்ச் பிளேட் வகை கொஞ்சம் இறுக்கத்தோடு எப்போதும் தயாராக இருக்கும். டார்சன் போன்ற பல்சக்கர வகை, பிடிப்புள்ள பக்கத்துக்கு இத்தனை மடங்கு என்று கணக்கு வைத்துக் கொடுக்கும். ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கினால் பூஜ்யத்துக்கு எத்தனை மடங்கும் பூஜ்யம்தான். அப்போது பிரேக்கை லேசாகத் தொட்டுக்கொண்டு ஆக்சிலேட்டர் கொடுங்கள். சுற்றும் சக்கரத்துக்குக் கொஞ்சம் எதிர்ப்பு கிடைத்ததும் மறுபக்கத்துக்கு இழுவை போகும்.

மஹிந்திராவின் ‘தார்’ ஜீப்பின் சில வகைகளில் பின் ஆக்சிலில் வருவது ஈட்டன் கம்பெனியின் மெக்கானிக்கல் லாக்கிங் டிஃபரன்ஷியல். இரண்டு சக்கரங்களின் வேகத்தில் நிமிடத்துக்குச் சுமார் 100 சுற்று வித்தியாசம் வந்தால்தான் இது பூட்டிக்கொண்டு இரண்டையும் ஒன்றாகச் சுற்ற வைக்கும். யூ டர்னில் அவ்வளவு வித்தியாசம் வராது. அதனால் ஊருக்குள் ஓட்டும்போது தொந்தரவு இல்லை. வேகம் சுமார் 30 கிலோமீட்டரைத் தாண்டினால் புதிதாகப் பூட்டாது. சேற்றில் சக்கரம் சுற்றத் தொடங்கியதும் பயந்து காலை எடுத்துவிடுகிறார்கள். எடுக்காதீர்கள், முழுசாக மிதிக்கவும் வேண்டாம். ஒரே சீராகக் கொஞ்சம் கூட்டினால் அடியில் ‘டக்’கென்று சத்தம் கேட்கும். அது பூட்டிக்கொள்ளும் சத்தம், கோளாறு அல்ல. சுற்றும் சக்கரத்துக்கு மட்டும் தானாக பிரேக் போடும் எலக்ட்ரானிக் வகைக்கும் இதே பொறுமை தேவை. நீண்ட நேரம் முயன்றால் அதில் பிரேக் பேடு சூடேறும், இடையில் ஆறவிடுங்கள்.

பிளேட் வகையில் அதிகம் கெடுதல் நடப்பது டயர் மாற்றும் இடத்தில். ஒரு டயர் கிழிந்ததும் அதை மட்டும் புதிதாகப் போடுவார்கள். 235/65 ஆர் 17 டயருக்குக் கிலோமீட்டருக்குச் சுமார் 432 சுற்று. புதுசில் பட்டன் 8 மில்லிமீட்டர், பழசில் 3 என்றால் ஆரத்தில் 5 மில்லிமீட்டர் வித்தியாசம். நேர் ரோட்டிலேயே தேய்ந்த டயர் கிலோமீட்டருக்கு 6 சுற்று கூடுதலாகச் சுற்றும். 100 கிலோமீட்டரில் அது 600 சுற்று. அத்தனை சுற்றும் உள்ளே பிளேட்டுகள் உரசிக்கொண்டே இருக்கும். ஆயில் சூடேறிக் கருகும், பிளேட் தேயும். ஆறு மாதம் கழித்து ‘எல்.எஸ்.டி. வேலை செய்யவில்லை’ என்று வண்டி வரும். பின் டயர் மாற்றினால் ஜோடியாக மாற்றுங்கள், ஒரே கம்பெனி, ஒரே மாடல். காற்றும் இரண்டிலும் ஒரே அளவு இருக்கட்டும். தேயாத ஸ்டெப்னியைப் போட்டால் பஞ்சர் கடை வரைக்கும் போதும்.

அடுத்தது ஆயில். பிளேட் வகைக்கு ஜி.எல்.5 தரக் கியர் ஆயிலோடு, பிளேட்டுகள் சிக்காமல் வழுக்க உதவும் ஃப்ரிக்‌ஷன் மாடிஃபையர் கலந்திருக்க வேண்டும். சாதாரண ஆயிலை ஊற்றினால் பார்க்கிங்கில் திருப்பும்போது பின்பக்கம் ‘கட கட’வென்று உதறும். உள்ளே இருக்கும் கிரவுன், பினியன் பல்சக்கரங்கள் போய்விட்டன என்று ஹவுசிங்கைப் பிரிக்கச் சொன்னால் அவசரப்பட வேண்டாம். சரியான ஆயிலை மாற்றி, காலி மைதானத்தில் மெதுவாகப் பத்து முறை எட்டுப் போட்டுப் பாருங்கள்; பெரும்பாலும் நின்றுவிடும். மாடிஃபையரை அளவுக்கு மேல் ஊற்றினால் பிடிப்பே போய்விடும். பல்சக்கர வகைக்கு அது தேவையே இல்லை. எந்த வகையானாலும் ஓனர் மேனுவல் சொல்வதுதான் அளவு.

மழை ரோட்டில் இன்னொரு ஆபத்து உண்டு. சாதாரண டிஃபரன்ஷியலில் ஒரு சக்கரம் சுற்றினாலும் மற்றது ரோட்டைப் பிடித்துக்கொண்டு பின்பக்கத்தை நேராக வைத்திருக்கும். எல்.எஸ்.டி.யில் வேகமாக மிதித்தால் இரண்டும் சேர்ந்து வழுக்கும், வால் பக்கவாட்டில் வீசும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் உள்பக்கப் பின் சக்கரம் பாரம் குறைந்து சுற்றுவதை எல்.எஸ்.டி. அழகாகத் தடுக்கும். நனைந்த வளைவில் மட்டும் ஸ்டீயரிங் நேராகத் திரும்பும் வரை ஆக்சிலேட்டரை மென்மையாகவே கொடுங்கள்.

உங்கள் வண்டியில் இருக்கிறதா என்று பார்க்க, முன் டயர்களுக்குக் கட்டை கொடுத்து, பின்பக்கம் இரண்டு சக்கரத்தையும் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். இன்ஜின் ஆஃப், கியர் நியூட்ரல், ஹேண்ட்பிரேக் விடுவித்த நிலை. ஒரு சக்கரத்தைக் கையால் சுற்றும்போது மற்றதும் அதே திசையில் சுற்றினால் பிளேட் வகை எல்.எஸ்.டி. இருக்கிறது, நன்றாகவும் இருக்கிறது. எதிர்த் திசையில் சுற்றினால் சாதாரண டிஃபரன்ஷியலாகவோ, பிளேட் தேய்ந்த எல்.எஸ்.டி.யாகவோ, பல்சக்கர வகையாகவோ இருக்கலாம். ஈட்டன் வகையை இப்படிக் கண்டுபிடிக்க முடியாது. கைவேகத்தில் அது பூட்டாது.

ஒரு சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கிவிட்டு, இன்ஜினை ஓடவிட்டு கியர் போடவே போடாதீர்கள். சத்தம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்கச் சிலர் இப்படிச் செய்வதுண்டு. சாதாரண டிஃபரன்ஷியலில் தூக்கிய சக்கரம் மட்டும் சுற்றும். எல்.எஸ்.டி.யில் தரையில் நிற்கும் சக்கரத்துக்கும் இழுவை போகும். வண்டி ஜாக்கியிலிருந்து குதித்து, எதிரே நிற்பவர் மேல் பாயும்.