படுத்திருக்கும் மான், நடந்துகொண்டே இருக்கும் யானை

திருகோணமலையில் கோணேசர் கோயிலுக்குப் போகிறவர்கள் பிரட்ரிக் கோட்டை வாசலைத் தாண்டியதும் புள்ளிமான்களைப் பார்த்திருப்பார்கள். மர நிழலில் படுத்தபடி வாயை மட்டும் அசைத்துக்கொண்டிருக்கும். சோம்பேறி என்று நினைக்கவேண்டாம், அது வேலையில் இருக்கிறது. மானுக்கு மாட்டைப் போல நான்கு அறை இரைப்பை. புல்லை அவசரமாக விழுங்கிவிட்டு, பயமில்லாத இடத்தில் படுத்து அசைபோடும். உள்ளே இருக்கும் நுண்ணுயிர்கள் நாரை நொதிக்கவைத்துச் சத்தாக்கிக் கொடுக்கும். கொஞ்சத் தீனியிலேயே நிறையப் பிழிந்தெடுத்துவிடுவதால் அதற்கு ஊர் சுற்றத் தேவையில்லை. யாத்திரிகர் நீட்டும் வாழைப்பழம் வேறு!

கந்தளாய்ப் பக்கத்து யானையின் கதை வேறு. அது அசைபோடாது. அதன் தீனி இரைப்பையைத் தாண்டிக் குடலின் பின்பகுதியில்தான் நொதிக்கிறது. அதிலும் பாதிக்கு மேல் செரிக்காமலே வெளியே வந்துவிடும். யானை இலத்தியில் விதை முளைப்பது இதனால்தான். செரிப்பதில் விட்டதை அளவில் பிடிக்கவேண்டும். வளர்ந்த யானைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 150 கிலோ தீனி, 100 லீற்றருக்கு மேல் தண்ணீர். இவ்வளவும் ஓரிடத்தில் எப்படிக் கிடைக்கும்? அதனால் நடக்கிறது. பெரிய உடம்பு அதற்குச் சுமையல்ல. ஒரு கிலோ எடையை ஒரு கிலோமீற்றர் கொண்டுபோக மானுக்குச் செலவாகும் சக்தியைவிட யானைக்குக் குறைவு. வரட்சியில் காடு காய்ந்ததும் அது குளத்தை நோக்கி இறங்கும். வழியில் விளைந்த வயல் இருந்தால், காட்டுப் புல்லைவிடச் சத்தான விருந்தை அது ஏன் விடப்போகிறது?

தரையில் மானைப் படுக்கவைப்பதும் யானையை நடக்கவைப்பதும் வயிறுதான். கடலில் வயிற்றோடு மூச்சும் சேர்ந்துகொள்கிறது. திருகோணமலைக் குடாவுக்குள்ளேயே ஆழமான கடலடிப் பள்ளத்தாக்கு ஒன்று ஓடுவதால், நடுக்கடலில் இருக்கவேண்டிய திமிங்கிலங்கள் கரைக்குக் கிட்ட வருகின்றன. நீலத் திமிங்கிலம் கூனி போன்ற சிறு உயிர்களை வாய்நிறைய அள்ளும். ஒவ்வொரு அள்ளலுக்கும் பெரும் சக்தி தேவை, அதனால் பெரும்பாலும் கால் மணி நேரத்துக்குள் மேலே வந்துவிடும். ஸ்பேர்ம் திமிங்கிலத்தின் இரையோ ஆழத்தில் வாழும் கணவாய். அதன் தசைகளில் ஒட்சிசனைப் பிடித்துவைக்கும் மயோகுளோபின் புரதம் நிறைந்திருப்பதால் இறைச்சியே கறுப்பாகத் தெரியும். 1,000 மீற்றர் ஆழத்துக்குக்கூடப் போகும். அது வாலைத் தூக்கி உள்ளே போய்விட்டால், படகில் இருப்பவர்கள் முக்கால் மணி நேரம்வரைகூடக் காத்திருக்கவேண்டியதுதான்.