ஃபஸ் என்றால் மங்கல் இல்லை, பிசிறு

'மங்கலொலி மிதி' என்று ஒரு சொல் கொஞ்ச காலமாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. எலக்ட்ரிக் கிட்டார் வாசிப்பவர்கள் ஒலியைக் கரகரப்பாக்கக் காலடியில் வைத்து மிதிக்கிற ஃபஸ் பெடலுக்கு யாரோ வைத்த தமிழ்ப் பெயர். ஒரு விற்பனை விளம்பரத்தில் முதலில் பார்த்தபோது சிரித்துவிட்டு விட்டேன். அப்புறம் கிட்டார் பழகுபவர்களுக்கான கையேடு ஒன்றில் வந்தது. போன மாதம் காட்பாடிப் பக்கம் ஒரு கல்லூரி விழாவில் தொகுப்பாளர் அதையே மைக்கில் நீட்டி முழக்க, பக்கத்தில் இருந்த பெரியவர் "யாருக்குப்பா கல்யாணம்?" என்று கேட்டார். அவர் கேட்டதில் தப்பே இல்லை. மங்கலொலி என்று காதில் விழுந்தால் தமிழனுக்கு நாதஸ்வரமும் கெட்டிமேளமும்தான் ஞாபகம் வரும். மேடையில் வந்ததோ தகரத்தைக் கிழிக்கிற மாதிரி ஒரு சத்தம்.

சொல்லின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆங்கிலத்தில் ஃபஸ் என்பது 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் தலைகாட்டுகிற சொல். தொட்டால் தூள் பறக்கிற உருண்டைக் காளான் ஒன்றின் பெயரில்தான் முதலில் வருகிறது. டச்சு மொழியில் பொதபொதவென்று இருப்பதைக் குறிக்கும் ஒரு சொல்லோடு உறவு சொல்வார்கள். அங்கிருந்து துணியில் எழும்பும் பஞ்சிழை, பீச் பழத்தோலில் இருக்கும் மென்மயிர் என்று போனது. படம் கலங்கித் தெரிவதற்கு 'ஃபஸ்ஸி' என்று சொன்னது பின்னால் வந்த கிளைப்பொருள். இவ்வளவுதான்.

நம் மொழிபெயர்ப்பாளர்கள் மரத்தை விட்டுவிட்டு அந்தக் கிளையைப் பிடித்துக்கொண்டார்கள். காரணமும் தெரிந்ததுதான். 1965இல் லோட்ஃபி ஜாதே என்ற கணித அறிஞர் எல்லை கறாராக இல்லாத தொகுப்புகளான 'ஃபஸ்ஸி' கணங்களைப் பற்றி எழுதினார், அது கணினிப் பாடத்துக்குள் வந்தது, தமிழில் எழுதியவர்கள் அதற்கு 'மங்கல்', 'தெளிவற்ற' என்றெல்லாம் போட்டார்கள். அங்கே அது பொருந்துகிறது, சண்டை இல்லை. ஆனால் ஒரு சொல்லுக்கு ஒரு தடவை ஒரு பொருள் போட்டுவிட்டால், அது சமையலில் வந்தாலும் சங்கீதத்தில் வந்தாலும் அதையே ஒட்டுவது என்ன பழக்கம்? அகராதியைத் திறந்தவர் காதைத் திறக்கவில்லை.

ஏனென்றால் ஃபஸ் ஒலி மங்கலே இல்லை. இதை உணர்ச்சிவசப்பட்டுச் சொல்லவில்லை, கருவி செய்கிற வேலையே அப்படி. கிட்டார்க் கம்பியிலிருந்து வருகிற அலை மேலும் கீழும் வளைந்து வளைந்து போகும். ஃபஸ் சுற்று அதைக் கண்டபடி பெருக்கி, தலையையும் காலையும் மட்டமாக வெட்டிவிடுகிறது. வளைவு போய்ச் சதுரம் மாதிரி ஆகிவிடும். அப்படி ஆகும்போது மூல அதிர்வுக்கு மேலே புதிது புதிதாக அதிர்வுகள் முளைக்கும். 110 ஹெர்ட்ஸில் ஒரு கம்பியைத் தட்டினால் 330, 550, 770 என்று மேலே மேலே அடுக்கும். அதாவது ஒலிக்கு விளிம்பு கூடுகிறது. மங்கல் என்றால் இதற்கு நேர் எதிர்: கிட்டாரில் டோன் குமிழைச் சுத்தமாக இறக்கிவிட்டு, மேல்பக்க ஒலி எல்லாம் போய்ப் போர்வைக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி வருமே, அதுதான் மங்கலொலி. அதற்குப் பெடல் எதற்கு?

'தெளிவற்ற' என்பவர்கள் பக்கம் பாதி நியாயம் உண்டு என்று ஒப்புக்கொள்கிறேன். ஃபஸ் போட்டுக்கொண்டு ஆறு கம்பியையும் சேர்த்து மேஜர் கார்டு என்கிற சுரக் கூட்டு ஒன்றை இழுத்தால் சுரங்கள் ஒன்றோடொன்று மோதிக் குழம்பாகிவிடும். அதனால்தான் ஃபஸ்ஸில் தனிச் சுரமோ, இரண்டு கம்பிக் கார்டோ வாசிப்பார்கள். ஆனால் அந்தக் குழப்பம் வாசிக்கிறவன் தப்பான இடத்தில் பயன்படுத்தியதால் வருவது. கருவியின் பெயரிலேயே குற்றச்சாட்டை எழுதிவைக்கக் கூடாது.

இந்த ஒலி பிறந்த கதையே இதற்குச் சாட்சி. அமெரிக்காவின் நாஷ்வில்லில் பாடகர் மார்ட்டி ராபின்ஸின் ஒரு பாட்டைப் பதிவு செய்துகொண்டிருந்தபோது கிரேடி மார்ட்டின் வாசித்த ஆறு கம்பி பேஸ், ஒலிப்பதிவு மேசையின் கெட்டுப்போன பாகம் ஒன்றின் வழியாகப் போனது. வந்த கொரகொர ஒலியைத் தூக்கி எறியாமல் அப்படியே வைத்துக்கொண்டார்கள். 1961இல் பாட்டு வெளியாகி ஓடியது. ஒலிப்பதிவாளர் கிளென் ஸ்னாடி அதே ஒலியை டிரான்சிஸ்டர் வைத்து உண்டாக்கினார். 1962இல் கிப்சன் நிறுவனம் மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன் என்று பெட்டியில் போட்டு விற்றது. எப்படி விற்றார்கள் தெரியுமா? கிட்டாரில் ட்ரம்பெட், டிராம்போன், டியூபா ஒலி எடுக்கலாம் என்று. ஊதுகருவி! 1965இல் ரோலிங் ஸ்டோன்ஸின் கீத் ரிச்சர்ட்ஸ் தம் பாட்டின் முகப்பு வரியை இதில் வாசித்ததும், பின்னால் ஊதுகருவி வரவேண்டிய இடத்தை இப்போதைக்கு நிரப்பி வைப்போம் என்றுதான். ட்ரம்பெட்டை எவனாவது மங்கல் என்பானா?

சரி, நம்மிடம் என்ன சொல் இருக்கிறது? பிசிறு. தேடவே வேண்டாம், வாயிலேயே இருக்கிறது.

குடியாத்தம் பக்கம் லுங்கி நெய்கிற வீடுகளில் பாவு நூலுக்குக் கஞ்சி போட்டு நீவுவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். நூலைச் சுற்றிச் சின்னச் சின்ன இழைகள் எழும்பி நிற்கும். வெயிலுக்கு எதிரே பிடித்தால்தான் கண்ணுக்கே தெரியும், ஆனால் படியவைக்காமல் விட்டால் தறியில் உரசி உரசி நூலே அறுந்துபோகும். அந்த இழைதான் பிசிறு. ஆங்கிலக்காரனின் ஃபஸ்ஸும் துணி விஷயத்தில் அச்சு அசல் இதுதான். அடுத்து, ஜலதோஷம் பிடித்தவன் பாடினால் என்ன சொல்கிறோம்? குரல் பிசிறடிக்குது என்கிறோம். நன்றாகப் பாடினால் பிசிறில்லாமல் பாடினார் என்கிறோம். நூலிலிருந்து ஒலிக்குத் தாவுகிற வேலையை ஆங்கிலம் ஒரு பெட்டி விற்பதற்காகச் செய்தது. தமிழ் பெட்டி கிட்டி எதுவும் இல்லாமலே எப்போதோ செய்து முடித்துவிட்டது. பொருளும் பொருந்தி, உருவகமும் பொருந்தி, சொல்லும் எல்லார்க்கும் தெரிந்ததாக இருப்பது கலைச்சொல் வேலையில் அபூர்வம். அதை விட்டுவிட்டு மங்கலைக் கட்டி அழுகிறார்கள்.

எனக்குத் தெரிந்த தனித்தமிழ் நண்பர் ஒருவர் 'துய்யொலி' என்கிறார். சும்மா சொல்லக்கூடாது, ஆள் வீட்டுப்பாடம் செய்திருக்கிறார். துய் என்றால் பஞ்சுபோன்ற மென்மயிர். சங்கப் பாட்டில் 'துய்த்தலை மந்தி' வருகிறதே, அந்தத் துய். அழகான சொல், எனக்கும் ஆசைதான். ஆனால் இன்றைக்குத் துய்யொலி என்று சொன்னால் கேட்பவருக்கு என்ன கேட்கும்? 'துய்ய' என்றால் தூய. அதாவது சுத்தமான ஒலி. ஃபஸ்ஸுக்கு வைக்கக்கூடாத பெயர் என்று ஒன்று இருந்தால் அது இதுதான். கிட்டார்க்காரர்கள் 'கிளீன் டோன்' என்கிறார்களே, அதற்கு வேண்டுமானால் துய்யொலியைத் தாராளமாகக் கொடுத்துவிடலாம். தூய்மை வேண்டும் என்று போய்ப் பொருளைத் தலைகீழாக்கிக்கொள்வதில் எனக்குச் சம்மதமில்லை. தமிழாக இருந்தால் மட்டும் போதாது, கேட்டதும் விளங்கவும் வேண்டும்.

'இரைச்சல்' என்று சிலர் சொல்கிறார்கள். இரைச்சல் வேண்டாத சத்தம்; ஆம்ப்ளிஃபயரில் வாசிக்காமல் இருக்கும்போது 'ஸ்ஸ்' என்று வருகிறதே, அதற்கு அந்தச் சொல் ஏற்கெனவே வேலைக்குப் போய்விட்டது. 'கரகரப்பு' பரவாயில்லை. ஆனால் ஓவர்டிரைவ், டிஸ்டார்ஷன், ஃபஸ் மூன்றும் கரகரப்புத்தான், அதைப் பொதுப்பெயராக வைத்துக்கொள்ளலாம். பாட நூல் எழுதுகிறவர்களுக்கு டிஸ்டார்ஷனுக்குத் 'திரிபு' ஏற்கெனவே இருக்கிறது. தம்புராவின் 'ஜீவா'வைக் கொண்டுவரலாமே என்று ஒரு வாத்தியக்காரர் கேட்டார். கம்பிக்கும் குதிரைக்கும் நடுவே ஒரு நூலை வைத்து ரீங்காரத்தை எழுப்புவது அது. நூல் ஒற்றுமை பிரமாதம், ஆனால் ஜீவா தம்புராவுடையது. அதன் சொத்தை அதனிடமே விட்டுவிடுவோம்.

பெடலுக்கு மிதி போதும். அந்தக் கையேட்டில் ஓரிடத்தில் 'தெளிவற்ற மிதியடி' என்றே இருக்கிறது. மிதியடி வேண்டுமென்றால் ஆம்பூரில் நல்லதாகக் கிடைக்கும்.

ஆக, பிசிறு மிதி. பழைய பாணிப் பிசிறு மிதி என்றால் 1960களின் சுற்றுகளைப் பின்பற்றிச் செய்தது. இதற்கும் 'தொன்மையான' என்று போடுகிறார்கள். 1966இல் வந்த பெட்டி தொன்மை என்றால் வேலூர்க் கோட்டையை என்னவென்று சொல்வது? பழைய பாணி என்றாலே ஆயிற்று.

இந்தப் பழைய பாணியில் வாங்கப் போகிறவர்களை மொழிபெயர்ப்பு நிஜமாகவே கெடுக்கிற இடம் ஒன்று உண்டு. 'ஜெர்மானிய டிரான்சிஸ்டர்' என்று எழுதியிருப்பதைப் படித்துவிட்டு ஒரு பையன் ஜெர்மனியில் செய்ததா என்று என்னைக் கேட்டான். அது ஜெர்மேனியம், ஒரு தனிமம். 1886இல் கண்டுபிடித்த வின்க்ளர் தன் நாட்டின் பெயரை வைத்தார், அவ்வளவுதான். 1966இல் ஆர்பிட்டர் நிறுவனம் கொண்டுவந்த ஃபஸ் ஃபேஸ் என்ற வட்டமான மிதியில் முதலில் இருந்த என்கேடி275 டிரான்சிஸ்டர்கள் இங்கிலாந்தில் செய்தவை. பிற்பாடுதான் பிசி108 போன்ற சிலிக்கான் வந்தது. ஜெர்மேனியத்தில் பிசிறு உருண்டு திரண்டு வரும், சிலிக்கானில் கூராக, முரட்டுத்தனமாக வரும்.

ஆனால் நம் வேலூருக்கு ஏன் பேர் வெயிலூர்? ஜெர்மேனியத்துக்குச் சூடு ஆகாது. ஏறத்தாழ 10 டிகிரி ஏறினால் உள்ளே கசிவு மின்னோட்டம் இரண்டு மடங்காகும். குளிர்பதன அறையில் அருமையாக இருந்த மிதி, அக்னி நட்சத்திரத்தில் 40 டிகிரியில் திறந்த மேடைக்குப் போனால் ஒலி மெலிந்து, சுரம் முடிகிற இடத்தில் திக்கித் திக்கி அறுந்துபோகும். சில மிதிகளில் இதைச் சரிசெய்ய 'பயஸ்' என்று ஒரு குமிழ் இருக்கும். 9 வோல்ட் பேட்டரியில் இரண்டாவது டிரான்சிஸ்டரின் கலெக்டர் என்ற முனையில் 4.5 வோல்ட் அளவுக்கு நிறுத்துவார்கள். அந்தக் குமிழ் இல்லாத ஜெர்மேனிய மிதியை வேலூர் மேடைக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன். கோயில் திருவிழா, கல்லூரி விழா என்று வெளியே வாசிக்கிறவர்கள் சிலிக்கான் வாங்கிக்கொள்ளட்டும். கொஞ்சம் 'ஸ்ஸ்' கூடுதல், சமயத்தில் ரேடியோ கூடக் கேட்கும், பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

அதே கையேடு 'நேர்மறை நிலம் கொண்ட மிதி' என்கிறது. ஏதோ தன்னம்பிக்கைப் பேச்சு மாதிரி இருக்கிறது. அவர்கள் சொல்ல வந்தது, பழைய ஜெர்மேனியச் சுற்றுகள் பலவற்றில் பேட்டரியின் பிளஸ் பக்கம் எர்த்தில் இருக்கும் என்பது. மற்ற பெடல்களில் மைனஸ். இரண்டையும் ஒரே அடாப்டரிலிருந்து கிளைபிரித்துக் கொடுத்தால் ஷார்ட் ஆகிவிடும். எந்த எலக்ட்ரீஷியனும் 'பிளஸ் எர்த்து' என்றால் புரிந்துகொண்டு தனி பேட்டரி போட்டுவிடுவார். நேர்மறை நிலத்தை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார், கேழ்வரகா விதைப்பார்?

அந்தக் கையேட்டின் இன்னொரு முத்து: 'கிட்டாரின் ஒலியளவைக் குறைத்தால் மிதி சுத்தமாகும்.' துடைக்கிற துணியைத் தேட வேண்டாம். ஃபஸ் ஃபேஸ் வகையின் பெரிய அழகே இதுதான். மிதியில் இருக்கும் இரண்டு குமிழையும் ஏற்றிவைத்துவிட்டு, கிட்டாரின் வால்யூமைப் பத்திலிருந்து ஏழுக்கோ ஆறுக்கோ இறக்கினால், மிதியை அணைக்காமலே பிசிறு அடங்கி மணி மாதிரி ஒலி வரும். திரும்ப ஏற்றினால் பிசிறு எழும்பும். இது நடக்க வேண்டுமென்றால் கிட்டாரிலிருந்து வரும் ஒயர் நேராகப் பிசிறு மிதிக்குத்தான் போக வேண்டும். நடுவில் வயர்லெஸ்ஸோ, பஃபர் என்ற இடைச்சுற்று உள்ள டியூனரோ (சுருதி பார்க்கிற பெட்டி) வைத்தால் கிட்டாருக்கும் மிதிக்கும் இருக்கிற அந்தப் பிடிமானம் போய்க் கீச்சென்று கத்தும். வாசித்து முடித்ததும் இன்புட் ஒயரைப் பிடுங்கிவிடுங்கள், செருகியே இருந்தால் பேட்டரி தீர்ந்துவிடும். 'பிசிறு அடங்கும்', 'பிசிறு எழும்பும்' என்று நான் எழுதியதில் யாருக்காவது சந்தேகம் வந்ததா? அந்த இடங்களில் மங்கலைப் போட்டுப் பார்த்துவிட்டு என்னிடம் சண்டைக்கு வாருங்கள்.

நண்பர்களுக்குள் பேசும்போது நானும் ஃபஸ் என்றுதான் சொல்கிறேன், அதில் வெட்கமில்லை. எழுதும்போது, சொல்லிக்கொடுக்கும்போது, மேடையில் அறிவிக்கும்போது தமிழ்ச் சொல் வேண்டுமென்றால் பிசிறு. கம்பெனிப் பெயர்களை மட்டும் தொடாதீர்கள். ஃபஸ் ஃபேஸ் ஃபஸ் ஃபேஸாகவே இருக்கட்டும். பிசிறுமுகம் என்று யாராவது எழுதினால் அடுத்த கட்டுரை அவர்மேல்தான்.