தொட்டாச்சிணுங்கி என்று பேர் வாங்கியவர்களும் வேலையும்

பாளையங்கோட்டையில் உளவியல் ஆலோசகராகப் பணியாற்றும் நான், வேலையில் நிலைக்க முடியாமல் தவிக்கும் இளைஞர்களின் வீட்டார் வாயிலிருந்து அடிக்கடி கேட்கும் சொல் 'தொட்டாச்சிணுங்கி' என்பதுதான். பத்தமடைப் பக்கத்திலிருந்து மகளை அழைத்து வந்த ஒரு தாயும் அப்படியே தொடங்கினார். "சின்னதுலேயே இவ இப்படித்தான் மேடம். யாராவது சத்தமா பேசினா போதும், முகம் வாடிரும். இந்த வேலையையும் விட்டுட்டா நாங்க என்ன செய்யதுக்கு?" (அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியே எழுதுகிறேன்.)

பி.காம். முடித்த அந்தப் பெண், நிதி நிறுவனம் ஒன்றில் கடன் தவணை கட்டாதவர்களைத் தொலைபேசியில் அழைத்துப் பேசும் பணியில் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை மாலையானாலே வயிற்றைப் பிசையத் தொடங்கிவிடும் என்றார். பேச்சின் நடுவே தயங்கித் தயங்கி, "இந்த ஃபேன் ஒவ்வொரு சுத்துக்கும் கிரீச்சுங்குது மேடம், நிறுத்திக்கிடலாமா?" என்று கேட்டார். பல ஆண்டுகளாக அந்த மின்விசிறியின் கீழே அமர்ந்திருக்கும் எனக்கு, அவர் சொன்ன பிறகு காதைத் தீட்டிக்கொண்டு கேட்டபோதுதான் அந்த மெல்லிய ஒலி பிடிபட்டது.

நுண்ணுணர்வு மிகுந்த இந்த இயல்பை அமெரிக்க உளவியலாளர் எலைன் ஆரன் 1990-களில் விரிவாக ஆராய்ந்தார். 1997-இல் தம் கணவர் ஆர்தர் ஆரனுடன் இணைந்து வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில், இதை அளந்தறிய 27 கேள்விகள் கொண்ட அளவுகோலையும் முன்வைத்தார். நூற்றுக்கு 15 முதல் 20 பேர் இத்தகைய நுண்ணுணர்வு மிக்கவர்கள் என்பது அவருடைய கணிப்பு. இவர்கள் ஒலி, ஒளி, பிறர் முகக்குறிப்பு ஆகியவற்றை ஆழமாக உள்வாங்குவதால் விரைவில் களைத்தும் போகிறார்கள். இது நோயன்று, கூச்ச சுபாவமும் அன்று, ஏனெனில் இவர்களில் ஏறத்தாழ 30 விழுக்காட்டினர் கலகலப்பாகப் பழகுகிறவர்கள் என்கிறார் ஆரன். கெட்ட சூழல் இவர்களை மற்றவர்களைவிட அதிகமாக வாட்டுவதைப் போலவே, நல்ல சூழலால் அதிகப் பயன் பெறுகிறவர்களும் இவர்கள்தான் என்று பிற்கால ஆய்வுகள் காட்டுகின்றன. வேலை தேடும்போது நினைவில் வைக்க வேண்டிய செய்தி இதுவே என்பது என் கருத்து.

அந்தப் பெண்ணிடம் இரண்டு வாரங்களுக்கு ஒரு நோட்டில் மணிவாரியாகக் குறிப்பெழுதச் சொன்னேன்: எந்த வேலை முடிந்ததும் உடம்பு தளர்ந்தது, எது முடிந்ததும் மனம் தெளிந்தது என்று மட்டும். அவர் கொண்டுவந்த நோட்டு எங்கள் இருவரின் எண்ணத்தையும் மாற்றியது. மனிதர்களோடு பேசுவதே தனக்கு ஒத்துவராது என்று நம்பியிருந்தவர், நேரில் வந்த ஒரு முதியவருக்கு வட்டிக்கணக்கை அரைமணி நேரம் விளக்கிய நாளில் 'நல்லா இருந்துச்சு' என்று எழுதியிருந்தார். வேறு யார் கண்ணிலும் படாத ஒரு வரவுப் பிழையைப் பேரேட்டில் பிடித்த நாளிலும் அதே சொற்கள் இருந்தன. அவரைத் தளர்த்தியவை, அடுத்தவரை மிரட்டிப் பேச வேண்டிய கட்டாயமும், முப்பது பேர் ஒரே நேரத்தில் பேசும் அறையும், எல்லார் முன்னிலையிலும் விழுந்த திட்டும்தான்.

தாயிடம் நான் வாதம் செய்யவில்லை. பாய் நெய்த அவருடைய அம்மாவைப் பற்றி மட்டும் கேட்டேன். ஊறிய கோரையை நூலிழையாகக் கிழிக்கும்போது, இழை சற்றே தடித்திருந்தாலும் ஆச்சியின் விரல் கண்டுபிடித்துவிடும் என்று அவரே பெருமையோடு சொன்னார். சொல்லிவிட்டு மகளைத் திரும்பிப் பார்த்தார். இப்போது அந்தப் பெண் ஒரு தணிக்கையாளர் அலுவலகத்தில் இருக்கிறார். சம்பளம் சற்றுக் குறைவு, கணக்குத் தாக்கல் காலத்தில் நெருக்கடியும் உண்டு. ஆனாலும் அந்த ஞாயிறு மாலை வயிற்றுவலி போய்விட்டது.

நுண்ணுணர்வு மிக்கவர்கள் ஓவியம், எழுத்து, தனிமையில் செய்யும் வேலை ஆகியவற்றுக்கே ஏற்றவர்கள் என்று கைப்பேசிக் காணொளிகளில் சொல்லப்படுவதை நான் ஏற்பதில்லை. அரசு வேலை கிடைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம் ஊர் நம்பிக்கையும் அப்படித்தான். நோயாளியின் மூச்சில் தெரியும் சிறு மாற்றத்தை முந்திக்கொண்டு உணரும் செவிலியர் ஒருவரை அறிவேன். அவரை உடைத்தது தொடர் இரவுப்பணி மட்டுமே, அது மாறியதும் அதே வார்டில் மனநிறைவோடு நீடிக்கிறார். ஆகவே தொழிலின் பெயரைக் காட்டிலும் அதன் அன்றாடத்தை விசாரியுங்கள்: எங்கே உட்கார வேண்டும், ஒரு நாளைக்கு எத்தனை அழைப்பு, தவறு நேர்ந்தால் தனியே அழைத்துச் சொல்வார்களா, சாப்பாட்டு வேளையில் பத்து நிமிடம் தனித்திருக்க முடியுமா? சேரும் முன், வேலை மும்முரமாக நடக்கும் நேரத்தில் அங்கே ஒருமுறை போய் அரைமணி நேரம் இருந்து பாருங்கள். கையில் சில மாதச் செலவுக்கான பணம் இல்லாமல், இருக்கும் வேலையை உதறிவிடாதீர்கள்.

தூக்கம் வாரக்கணக்கில் கெட்டாலோ, எதிலும் பிடிப்பற்றுப் போனாலோ, செத்துவிடலாம் என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலோ, அதை 'என் சுபாவம்' என்று ஒதுக்க வேண்டாம். அது சிகிச்சை பெற்றால் தீரக்கூடிய மனச்சோர்வாக இருக்கலாம். பாளையங்கோட்டை ஐகிரவுண்ட் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குச் செல்லுங்கள். எந்த நேரமானாலும் 14416 என்ற டெலி மனஸ் (அரசின் மனநல உதவி) எண்ணை அழைத்தால் தமிழிலேயே கட்டணமின்றிப் பேசலாம்.