நடைபாதைக்கு எதற்குக் கூரை? நியூயார்க்கின் முகப்புச் சட்டம்

மன்ஹாட்டனில் நாலு தெரு நடந்தால் ஒரு பலகைக் கூரைக்கு அடியிலாவது நுழைந்து வெளியே வர வேண்டியிருக்கும். இரும்புக் கால்கள், குறுக்குக் குழாய்கள், மேலே பச்சைச் சாயம் அடித்த பலகை. ஏதோ கட்டட வேலை நடக்கிறது என்று நினைத்து அண்ணாந்து பார்த்தால், பல இடங்களில் ஓர் ஆள்கூட வேலை செய்துகொண்டிருக்க மாட்டார். கூரை மட்டும் வருடக்கணக்காக நிற்கும். அதை அங்கே நிறுத்தி வைத்திருப்பது ஒரு நகரச் சட்டம்.

1979 மே 16 அன்று, பிராட்வேயும் 115-ஆம் தெருவும் சேரும் இடத்தில், பழைய கட்டடம் ஒன்றின் ஜன்னல் லிண்டலிலிருந்து பெயர்ந்த துண்டு தலையில் விழுந்து பார்னார்ட் கல்லூரியின் முதலாண்டு மாணவி ஒருவர் இறந்துபோனார். 1980-இல் உள்ளூர்ச் சட்டம் 10 வந்தது. தெருவைப் பார்த்த முகப்பைக் குறித்த காலத்துக்கு ஒருமுறை சோதிக்க வேண்டும் என்றது. மற்ற சுவர்களைப் பற்றி அது கவலைப்படவில்லை. 1997 டிசம்பரில் மாடிசன் அவென்யூவில் ஓர் அலுவலகக் கட்டடத்தின் செங்கல் சுவர் சரிந்த பிறகுதான், 1998-இல், உள்ளூர்ச் சட்டம் 11 எல்லாச் சுவர்களையும் கணக்கில் சேர்த்தது. பக்கத்துக் கட்டடத்துக்கும் இதற்கும் 12 அங்குலம்கூட இடைவெளி இல்லாத பகுதிக்கு மட்டும் விலக்கு. அந்தச் சந்துக்குள் யார் போய்ப் பார்ப்பது?

ஆறு மாடிக்கு மேற்பட்ட எல்லாக் கட்டடங்களும் இதற்குள் வரும். ஐந்தாண்டு ஒரு சுற்று. இப்போது நடப்பது பத்தாவது சுற்று, 2025 பிப்ரவரியில் தொடங்கியது. உரிமம் பெற்ற இஞ்சினியரோ ஆர்க்கிடெக்டோ சோதித்து அறிக்கை தர வேண்டும். ஒன்பதாவது சுற்றிலிருந்து அவருக்கு ஏழாண்டு அனுபவம் கட்டாயம். எதிர்ச்சாரியில் நின்று பைனாகுலரில் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட முடியாது. தெருவைப் பார்த்த முகப்பில் ஒவ்வொரு 60 அடி நீளத்துக்கும் ஓர் இடத்தில், உச்சியிலிருந்து தரைவரை, கைக்கெட்டும் தூரத்தில் பார்த்தாக வேண்டும். கூரையிலிருந்து கம்பியில் தொங்கும் மேடையில் இறங்கிக்கொண்டே சுத்தியலால் தட்டுவார்கள். சந்தையில் பானை வாங்கும்போது நாம் தட்டிப் பார்ப்பதும் இதுவும் ஒன்றுதான். கணீரென்றால் சரி, பொத்தென்று கேட்டால் உள்ளே பிளந்திருக்கிறது என்று அர்த்தம்.

முடிவு மூன்றில் ஒன்றாக இருக்கும். 'பாதுகாப்பானது' என்றால் அடுத்த சுற்றுவரை நிம்மதி. 'பாதுகாப்பானது, ஆனால் பழுதுபார்க்க வேண்டும்' என்பது இரண்டாவது. அங்கே இதன் ஆங்கில எழுத்துச் சுருக்கத்தைச் சேர்த்து 'ஸ்வார்ம்ப்' (SWARMP) என்றே சொல்கிறார்கள். இந்தத் தேதிக்குள் சரிசெய்ய வேண்டும் என்று இஞ்சினியர் குறித்துவிடுவார். அதே பழுதை அடுத்த சுற்றிலும் ஸ்வார்ம்ப் என்று ஓட்ட முடியாது, நேராக 'ஆபத்தானது' ஆகிவிடும். அப்படி ஆனால் உடனே கட்டடத் துறைக்குச் சொல்லி, மக்கள் நடக்கும் இடத்தைக் காக்க ஏற்பாடு செய்து, 90 நாளில் பழுதை நீக்க வேண்டும். அவகாசம் நீட்டிக் கேட்கலாம். அந்த 'ஏற்பாடு'தான் பெரும்பாலும் நடைபாதைக் கூரை.

பார்க்க எளிதாகத் தெரியும் இந்தக் கூரைக்கும் கணக்கு உண்டு. சதுர அடிக்கு 300 பவுண்டு, அதாவது 136 கிலோ, தாங்க வேண்டும்; 100 அடிக்குக் குறைந்த கட்டடம், கூரை மேல் சாமானும் அடுக்கப்போவதில்லை என்றால் 150 பவுண்டு போதும். கால் ஊன்றும் இடமும் சிக்கல். பழைய மன்ஹாட்டன் கட்டடங்கள் பலவற்றில் அடித்தள அறை நடைபாதைக்கு அடிவரை நீண்டிருக்கும். மேலே இரும்புக் காலை நட்டால், கீழே அந்த அறையின் கூரைக்கு முட்டுக் கொடுக்க வேண்டிவரும். சாமான் இறக்க வேறு காலி இடம் கிடையாது, சிமென்ட் மூட்டையும் கம்பியும் இந்தக் கூரை மேல்தான் ஏறும்.

சட்டத்தின் ஓட்டை இங்கேதான் இருக்கிறது. நூறு வயதான முகப்பைப் பழுதுபார்க்கும் செலவோடு ஒப்பிட்டால் கூரை வாடகை கொசுறு. கூரையைப் போட்டதும் தெருவில் போகிறவருக்கு ஆபத்து நீங்குகிறது, உரிமையாளருக்கு அவசரமும் நீங்குகிறது. அபராதம் இல்லாமல் இல்லை. ஆபத்தான பழுதை நீக்காவிட்டால் மாதம் 1,000 டாலர். இரண்டாம் ஆண்டிலிருந்து கூரையின் ஒவ்வோர் அடி நீளத்துக்கும் மாதம் 10 டாலர் கூடுதல், பிறகு வருடத்துக்கு வருடம் 20, 30, 40 என்று ஏறும். 2025-இல் நகர மன்றம் கூரை அனுமதியின் காலத்தை ஓராண்டிலிருந்து மூன்று மாதமாகக் குறைத்தது. என்னைக் கேட்டால், இதை இருபது வருடம் முன்பே செய்திருக்கலாம்.

பழுது ஏன் இவ்வளவு செலவாகிறது என்பதற்கு உல்வொர்த் கட்டடத்தைப் பார்க்கலாம். கேஸ் கில்பர்ட் வடிவமைத்து 1913-இல் திறந்தது, 792 அடி. உள்ளே எஃகுச் சட்டகம், வெளியே மெருகேற்றிய சுடுமண் ஓடுகள். ஓடுகளைப் பிடித்து வைத்திருப்பவை இரும்புக் கொக்கிகள். ஓட்டு இணைப்பில் நீர் இறங்கினால் கொக்கி துருப்பிடிக்கும். துரு இரும்பைவிட அதிக இடம் கேட்கும், ஓடுகளை உள்ளிருந்தே தள்ளி உடைக்கும். வெயிலுக்கும் குளிருக்கும் சுவர் விரிந்து சுருங்க இடைவெளி விடும் வழக்கமும் அன்று இல்லை. 1977 முதல் 1981 வரை நடந்த சீரமைப்பில் ஏராளமான சுடுமண் ஓடுகளை எடுத்துவிட்டுக் கான்கிரீட் பலகைகளைப் பொருத்தினார்கள், கோதிக் அலங்காரங்கள் பலவற்றையும் இறக்கிவிட்டார்கள். அப்போது நகரத்தின் பாரம்பரியப் பட்டியலில் அந்தக் கட்டடம் இல்லை. 1983-இல்தான் சேர்த்தார்கள். முகப்புச் சட்டம் வந்த புதிதில் மற்ற உரிமையாளர்கள் பலரும் இதே வழியில்தான் போனார்கள்: பழுதுபார்ப்பதைவிட, சுவர் உச்சியில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் அலங்கார விளிம்பான கார்னிஸைச் செதுக்கி எறிவது மலிவு.

பட்டியலில் இருந்தால் அப்படிச் செய்ய முடியாது. பென்சில்வேனியா ரயில் நிலையத்தை 1963-இல் இடிக்கத் தொடங்கிய அதிர்ச்சிக்குப் பிறகு 1965-இல் வந்தது பாரம்பரியச் சட்டம். 11 பேர் கொண்ட ஆணையம் அதை நடத்துகிறது. பட்டியலில் உள்ள கட்டடத்தின் வெளிப்புறத்தைத் தொட, கட்டடத் துறை அனுமதிக்கு முன்னால் ஆணையத்தின் அனுமதி வேண்டும். இருப்பதை இருந்தபடியே சரிசெய்தால் அலுவலர் மட்டத்திலேயே முடிந்துவிடும். தோற்றம் மாறும் என்றால் பொது விசாரணை. ஒரு துறை விழுவதை எடு என்கிறது, இன்னொன்று இருந்தது போலவே திருப்பி வை என்கிறது. நடுவில் இருக்கும் இஞ்சினியர் சுடுமண் ஓடு ஒன்றை முழுசாகக் கழற்றி, அச்சு எடுத்து, சுடுவதில் சுருங்கும் அளவுக்குச் சேர்த்துப் பெரிதாக வார்க்கச் சொல்லிவிட்டு, சூளையிலிருந்து வரும் வரை மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அதுவரை கீழே கூரை நிற்கத்தானே செய்யும்?

அப்புறம் பக்கத்து வீட்டுக்காரர். நெருக்கமான மனையில் பக்கச் சுவருக்குச் சாரம் கட்ட அவர் மொட்டைமாடியில்தான் இறங்க வேண்டும், அங்கே பாதுகாப்புப் பலகையும் விரிக்க வேண்டும். அவர் மறுத்தால், மாநிலச் சொத்துச் சட்டத்தின் 881-ஆம் பிரிவில் நீதிமன்றம் போகலாம். நியாயமான நிபந்தனைகளோடு குறிப்பிட்ட காலத்துக்கு நுழைய அனுமதி கிடைக்கும். சேதத்துக்கு நீங்கள் பொறுப்பு. அதற்கு மேல் மாதக் கட்டணம் தரச் சொல்லியும் நீதிமன்றங்கள் உத்தரவிடுகின்றன.

செலவில் ஒரு பங்கு திரும்பக் கிடைக்கும் வழியும் உண்டு. வரலாற்று இடங்களின் தேசியப் பதிவேட்டில் உள்ள, வருமானம் ஈட்டும் கட்டடத்தைச் சீரமைத்தால் தகுதியான செலவில் 20% தொகையை ஐந்தாண்டுகளில் கூட்டரசு வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம். ஓட்டல், அலுவலகம், வாடகை வீடு எல்லாம் சேரும். உரிமையாளரே குடியிருக்கும் வீடு சேராது. பொதுவாக 24 மாதத்துக்குள், தேய்மானம் போக மிஞ்சிய கட்டட மதிப்பைவிட அதிகமாகச் செலவழித்திருக்க வேண்டும். வேலையை கூட்டரசின் தேசியப் பூங்கா சேவை பார்த்து ஒப்புதல் தரும்; கெட்டுப்போனதை மாற்றுவதைவிடப் பழுதுபார்க்கத்தான் அவர்கள் சொல்வார்கள். ஐந்தாண்டுக்குள் விற்றால் ஒரு பகுதியைத் திருப்பிக் கட்ட வேண்டும்.

நியூயார்க்கில் பழைய அடுக்குமாடியில் வீடு வாங்கப் பார்ப்பவர்களுக்கு ஒன்று. கூட்டுறவுக் குடியிருப்பானாலும் தனி உரிமைக் குடியிருப்பானாலும் முகப்புப் பழுதின் செலவு கடைசியில் குடியிருப்போர் தலையில்தான் விடியும். கட்டடத் துறையின் இணையதளத்தில் முகவரியைப் போட்டால் முகப்பு அறிக்கையின் தரம் தெரியும். ஸ்வார்ம்ப் என்று இருந்தால், பழுதுபார்க்க என்ன தேதி குறித்திருக்கிறார்கள் என்று விற்பவரிடம் கேளுங்கள்.