காலண்டர் தொங்கிய இடம்

அட்வான்ஸ் 1,50,000 ரூபாய். திரும்ப வந்தது 1,08,000. ஐந்து வருடம் குடியிருந்த வீட்டைக் காலி செய்துவிட்டு வந்த ஒருவர், ஓனர் அனுப்பிய வாட்ஸ்அப் கணக்கை என்னிடம் நீட்டினார். பெயிண்டிங் 30,000, கிளீனிங் 8,000, குழாய் சுவிட்ச் 4,000.

கூடவே ஓனர் சுவரைப் படம் எடுத்து அனுப்பியிருந்தார். ‘பாருங்க, எவ்ளோ அழுக்கு’ என்பது அவர் வாதம். காலண்டர் தொங்கிய இடம் மட்டும் சதுரமாகப் பளிச்சென்று இருந்தது, சுற்றிலும் மங்கல். எனக்கு அந்தப் படம் போதும். கிறுக்கல் இல்லை, உடைசல் இல்லை. பெயிண்ட் பழசானால் எந்தச் சுவரும் அப்படித்தான் ஆகும்.

தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டத்தின் (2017ல் இயற்றியது) இரண்டாம் அட்டவணையை ஓனர்கள் யாரும் படிப்பதில்லை. சொல்லப்போனால் குடியிருப்பவர்களும்தான். சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்குப் பெயிண்ட், பைப் மாற்றுவது, வயரிங் எல்லாம் ஓனர் பொறுப்பு என்கிறது அது. குழாய், சுவிட்ச், பூட்டு, ஜன்னல் கண்ணாடி குடியிருப்பவர் பொறுப்பு. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் கதை மாறும். ‘காலி செய்யும்போது ஒரு மாத வாடகை பெயிண்டிங்குக்கு’ என்ற வரியைப் படிக்காமலே கையெழுத்து போட்டுவிட்டு வருபவர்கள்தான் அதிகம்.

இவர் ஒப்பந்தத்தில் நல்லவேளையாக அந்த வரி இல்லை. காலி செய்த ஒரு மாதத்துக்குள் அட்வான்ஸைத் திருப்ப வேண்டும் என்ற விதியையும் சேர்த்து நோட்டீஸ் அனுப்பினேன். ‘4,000 உங்க கணக்கு சார், அதை விட்டுடுங்க’ என்று இவரிடமும் சொன்னேன். முகம் கொஞ்சம் சுருங்கியது. இரண்டு வாரத்தில் 35,000 வந்தது. கிளீனிங்கில் மிச்சம் 3,000க்காக இழுக்க வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார்.

பணம் எல்லாம் வங்கி வழியாகப் போயிருந்ததால் இது சுலபமாக முடிந்தது. கையில் ரொக்கமாகக் கொடுத்து, ரசீதும் வாங்காதவருக்கு நான் என்ன நோட்டீஸ் அனுப்புவது? ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாதவரை அட்வான்ஸ் மூன்று மாத வாடகைதான் என்று சட்டம் அளவு வைத்திருக்கிறது. சென்னையில் 10 மாதம் கேட்கிறார்கள், கொடுக்கிறோம். குறைந்தபட்சம் மூன்று மாதக் கணக்கைச் சொல்லிப் பேரம் பேசிப் பாருங்கள், கையெழுத்து போடும் முன்பே. போட்ட பிறகு பேசுவது கஷ்டம்.

அப்புறம் அந்தப் பதினோரு மாத அக்ரிமெண்ட். ஒரு வருடத்துக்கு உட்பட்டால் சார்பதிவாளரிடம் போக வேண்டாம் என்பதற்காக வந்த பழக்கம். இந்தச் சட்டப்படி எத்தனை மாதமானாலும் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் (இந்தச் சட்டத்துக்கென்றே இருக்கும் அரசு அலுவலர்) பதிவும் செய்ய வேண்டும். இணையத்திலேயே செய்யலாம். எழுத்து ஒப்பந்தம் இல்லை என்பதையே காரணமாக்கி, காலி செய்யச் சொல்லி ஓனர் வாடகை நீதிமன்றம் போகலாம்.

தண்ணீரை நிறுத்துவது, மின்சாரத்தைத் துண்டிப்பது, பூட்டை மாற்றுவது என்று சிலர் இறங்குவார்கள். நீதிமன்ற உத்தரவு இல்லாமல் யாரையும் வெளியேற்ற முடியாது. தண்ணீர், மின்சாரத்தைத் தடுத்தால் வாடகை அதிகாரியிடம் மனு கொடுங்கள், உடனே திரும்பக் கொடுக்கச் சொல்லி இடைக்கால உத்தரவு போட அவருக்கு அதிகாரம் உண்டு.

கோபத்தில் வாடகையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். ‘அட்வான்ஸ்ல கழிச்சுக்கட்டும்’ என்று இரண்டு மாதம் விட்டால், ஓனர் கையில் நாமே வழக்கைக் கொடுத்த மாதிரி. அவர் வாங்க மறுத்தால் வங்கியில் போடுங்கள், மணியார்டர் அனுப்புங்கள். அதையும் தொடர்ந்து மறுத்தால் வாடகை அதிகாரியிடமே கட்ட வழி இருக்கிறது.