கதை சொல்லு என்றால் ஒப்பிக்கச் சொல்வதா?

ஒன்றாம், இரண்டாம் வகுப்பில் கதை சொல்லாத ஆசிரியர் இல்லை. சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கு எழுத்தும் எண்ணும் பழக்கத் தமிழக அரசு கொண்டுவந்த எண்ணும் எழுத்தும் திட்டம் 2022 ஜூனில் வந்த பிறகு, கதைக்களம் என்று வகுப்பில் ஒரு மூலையையே ஒதுக்கியாயிற்று. கேட்ட கதையைப் பிள்ளை திரும்பச் சொல்ல வேண்டும் என்று வரும்போதுதான் சிக்கல். "கதை சொல்லு" என்று கேட்டுவிட்டு ஒப்பிப்பதை எதிர்பார்க்கிறோம். "தாகமா இருந்த காக்கா பறந்துச்சு" என்று பிள்ளை ஆரம்பித்தால், "காக்கா இல்ல, காகம்" என்று குறுக்கே விழுகிறோம். அத்தோடு அந்தப் பிள்ளைக்குக் கதை மறந்து போகும், டீச்சர் முகம் மட்டும் ஞாபகம் இருக்கும்.

கடலூர் துறைமுகம் பக்கம், மீனவர் குப்பங்களிலிருந்து பிள்ளைகள் வரும் தொடக்கப் பள்ளியில் சின்ன வகுப்புகளை எடுக்கிறேன். இங்கே பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்.

முதலில் கேட்பவர் யார் என்று பாருங்கள். கதையைச் சொன்னதே டீச்சர். அதே டீச்சர் "எங்க, சொல்லு பார்க்கலாம்" என்கிறார். இவருக்குக் கதை தெரியும் என்பது பிள்ளைக்கும் தெரியும். அதனால் "நரி வந்துச்சு, பாடச் சொல்லுச்சு, வடை விழுந்துச்சு" என்று மூச்சு விடாமல் முடித்துவிட்டு உட்கார்ந்துவிடும். மொழித்திறன் போதாது என்று நாம் பதிவேட்டில் எழுதி வைக்கிறோம். தெரிந்தவரிடம் தெரிந்ததையே விலாவாரியாகச் சொல்ல நமக்கே மனம் வராது, ஆறு வயதுப் பிள்ளைக்கு எப்படி வரும்?

கதை தெரியாத ஒருவரை எதிரில் உட்கார வைத்தால் நிலைமை மாறும். பாதிப் பேருக்கு மட்டும் கதை சொல்கிறேன். மீதிப் பேர் அந்த நேரம் வராந்தாவில் பக்கத்து வகுப்பு டீச்சர் கண்பார்வையில் வேறு வேலை செய்வார்கள். அப்புறம் இருவர் இருவராக உட்கார வைத்து, கேட்டவர் கேட்காதவருக்குச் சொல்ல வேண்டும். அடுத்த கதைக்கு ஆள் மாறும். கேட்பவருக்கு இரண்டு வேலை: 'ம்' கொட்டுவது, புரியாவிட்டால் கேட்பது. 'ம்' கொட்டாவிட்டால் பாட்டிகள் கதையை நிறுத்திவிடுவார்களே, அதே சட்டம்தான் இங்கேயும்.

சிங்கமும் முயலும் கதையை ஒரு ஜோடி சொல்லிக்கொண்டிருந்தது.

"அது அதப் பார்த்து கத்துச்சு."

"எது எதப் பார்த்து?"

"சிங்கம்டா. கெணத்துக்குள்ள இருந்த சிங்கத்தப் பார்த்து."

"கெணத்துக்குள்ள ஏதுடா சிங்கம்?"

சொன்னவன் கொஞ்சம் யோசித்தான். "அது அதோட நெழலுடா. அதுக்கு அது தெரியல."

கதையின் முடிச்சே அந்தக் கடைசி வரிதான். இதே கேள்வியை நான் கேட்டிருந்தால் அது பரீட்சையாகியிருக்கும், அவனும் தலையைக் குனிந்திருப்பான். நண்பன் நிஜமாகவே தெரியாமல் கேட்டதால் பதில் வந்தது. 'அது', 'அவன்' என்று யாரைச் சொல்கிறோம் என்பதைத் தெளிவாக்கும் பழக்கமும் இப்படித்தான் வருகிறது. இலக்கணமாகச் சொல்லிக் கொடுத்து இதை வரவழைத்த யாரையும் நான் பார்த்ததில்லை.

நாம் எதைக் கவனிப்பது? உச்சரிப்பை அப்போதைக்கு விட்டுவிடுங்கள். ஐந்து வயதில் எல்லாச் சம்பவத்தையும் 'அப்புறம்' போட்டே கோப்பார்கள். அது குறை இல்லை, வரிசை பிடிபட்டுவிட்டது என்பதற்கு அடையாளம். போகப்போக 'ஆனா', 'அதனால', 'அதுக்குள்ள' என்பதெல்லாம் வரும். என் குறிப்பேட்டில் பிள்ளையின் பெயருக்கு நேரே இந்தச் சொற்களைத்தான் குறிக்கிறேன். 'அதனால' வந்துவிட்டால் காரணம் பிடிபடத் தொடங்கிவிட்டது என்று எடுத்துக்கொள்வேன்.

நான்சி ஸ்டெயின், கிறிஸ்டின் கிளென் என்ற இரு ஆய்வாளர்கள் 1979இல் கதைக்கு ஒரு எலும்புக்கூடு வரைந்தார்கள்: இடமும் ஆட்களும், தொடங்கி வைத்த சம்பவம், அப்போது மனதில் பட்டது, செய்த முயற்சி, அதன் விளைவு, அதற்குப் பிறகான உணர்வு. சின்னப் பிள்ளைகள் பெரும்பாலும் தாண்டிப் போவது மனதில் பட்டதைத்தான். நரி வந்ததையும் பாடச் சொன்னதையும் சொல்வார்கள், வடையைப் பார்த்து அதற்கு ஆசை வந்ததைச் சொல்ல மாட்டார்கள். அங்கே மட்டும் "அப்ப அதுக்கு எப்படி இருந்திருக்கும்?" என்று ஒரு வார்த்தை கேட்கலாம். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு காத்திருக்க வேண்டும். ஆசிரியர்களுக்கு இது கஷ்டமான காரியம்தான். வாய் திறக்கத் தயங்கும் பிள்ளைக்கு, வெள்ளிக் கடற்கரையில் பொறுக்கிய கிளிஞ்சல்களைக் கொடுத்து, சம்பவத்துக்கு ஒன்றாகத் தரையில் வைத்துக்கொண்டே சொல்லச் சொல்கிறேன். வீட்டில் உருது பேசும் பிள்ளை முதல் தடவை உருதிலேயே சொல்லட்டும்.

கதை முடிந்ததும் படம் வரையச் சொல்லிவிட்டு வேறு வேலைக்குப் போகும் பழக்கம் நம்மிடம் உண்டு. அமெரிக்காவில் லெஸ்லி மாரோ 1985இல் வெளியிட்ட ஆய்வில், கேட்ட கதையை ஆசிரியர் துணையோடு திரும்பச் சொல்லிப் பழகிய மழலையர் வகுப்புப் பிள்ளைகளுக்கு, படம் மட்டும் வரைந்தவர்களைவிடக் கதை நன்றாகப் புரிந்திருந்தது. படம் வேண்டாம் என்று சொல்லவில்லை. வரைந்த படத்தைக் கையில் வைத்துக்கொண்டு கதை சொன்னால் நல்லது.

அப்புறம், கதையை மாற்றிச் சொல்லும் பிள்ளைகள். எங்கள் கரையில் பங்குனி ஆமை வந்து முட்டையிட்டுப் போகும். ஆமை என்றால் இந்தப் பிள்ளைகளுக்குக் கடல் ஆமைதான். முயலும் ஆமையும் கதையை ஒரு பாப்பா இப்படி முடித்தாள்: "ஆமை நேரா கடலுக்குள்ள போயிடுச்சு டீச்சர். முயலுக்கு நீச்சல் தெரியாதுல்ல, அதனால கரையிலேயே நின்னுடுச்சு."

இதைத் தவறு என்று போட மாட்டேன், முழு மதிப்பெண்ணும் தர மாட்டேன். காரணம் இருக்கிறது, முடிவு இருக்கிறது, அவளுடைய உலகமும் இருக்கிறது. ஆனால் முயல் தூங்கியது எங்கே போயிற்று? அதைக் கேட்டு, மறுபடி சொல்ல வைக்க வேண்டும். பெரியவர்களும் இப்படித்தான். வட அமெரிக்கப் பூர்வகுடிக் கதை ஒன்றை இங்கிலாந்தில் பெரியவர்களிடம் கொடுத்துத் திரும்பச் சொல்ல வைத்தார் உளவியலாளர் பிரெடரிக் பார்ட்லெட். 1932இல் அவர் எழுதியபடி, அவர்கள் சொன்னதில் பூர்வகுடிகளின் ஓடம் சாதாரணப் படகாகிவிட்டது, சீல் என்ற கடல் விலங்கின் வேட்டை மீன்பிடிப்பாகிவிட்டது. பழகியதை வைத்துத்தான் யாரும் கதையைப் பிடித்துக்கொள்கிறார்கள்.

"இந்தக் கதையிலிருந்து என்ன தெரிஞ்சுக்கிட்டே?" என்ற கேள்வியைத் தயவுசெய்து ஒத்திப் போடுங்கள். அதைக் கேட்டுப் பழக்கிவிட்டால், அடுத்த முறை கதையே சொல்லாமல் "ஏமாறக் கூடாது டீச்சர்" என்று நேராக அங்கே போய்விடுவார்கள்.

பெற்றோருக்கு நான் சொல்வது சுலபமானது. உங்களுக்குத் தெரியாத கதையைப் பிள்ளையிடம் கேளுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுக்குப் போகும் அப்பாக்கள் வீட்டோடு இருக்கிறார்கள். வலை சரி பார்த்துக்கொண்டே 'ம்' கொட்டலாம். கை வேலையில் இருந்தால் இன்னும் நல்லது, பிள்ளை முகத்தையே உற்றுப் பார்க்க வேண்டியதில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு பிள்ளை எந்தக் கதையையும் சொல்லவில்லை என்றால், மந்தம் என்று முடிவு கட்டுவதற்கு முன் காது கேட்கிறதா என்று பாருங்கள். சளியும் காதில் சீழ் வடிவதும் சின்ன வயதில் சகஜம் என்று விட்டுவிடுகிறோம். பின்னால் நின்று மெதுவாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுத் திரும்பவில்லை என்றால், பள்ளிக்கு மருத்துவக் குழு வரும் நாள்வரை காத்திருக்க வேண்டாம். அரசு தலைமை மருத்துவமனையில் காது மூக்கு தொண்டைப் பிரிவில் காட்டச் சொல்லிப் பெற்றோரை அனுப்பிவிடுங்கள். திரும்பினாலும் சந்தேகம் இருந்தால் அனுப்புங்கள். அதுவரை அந்தப் பிள்ளையை முன்வரிசையில், உங்கள் வாயசைவு தெரியும் இடத்தில் உட்கார வையுங்கள்.