ஊனுண்ணித் தாவரம்: பூச்சியோடு நிற்காத ஒரு பெயர்

பள்ளிப் பாடங்களில் பழகிய பெயர் 'பூச்சியுண்ணும் தாவரம்'. டார்வின் 1875இல் வெளியிட்ட நூலின் தலைப்பும் அதே பொருள்தான். ஆனால் குளத்து நீரில் மிதக்கும் யூட்ரிகுலேரியா என்னும் செடியின் இரைபிடிக்கும் பையைப் பிரித்தால் உள்ளே நீர்த்தெள்ளு கிடக்கும். அது பூச்சியே அல்ல. இறால், நண்டு வகையறா. ஆகவே 'ஊனுண்ணித் தாவரம்' என்பதே பொருந்தும். ஆங்கிலப் பெயரான 'கார்னிவோரஸ்' என்பதில் இருப்பவையும் ஊன், விழுங்குதல் என்னும் பொருள்கொண்ட இலத்தீன் சொற்களே. குறள் 251 'ஊனுண்பான்' என்கிறது. அப்படி ஒரு சொல் கைவசம் இருக்க, 'மாமிச' என்ற வடசொல் எதற்கு?

'உண்ணி'யை மட்டும் தனியே விடக்கூடாது. அது மாட்டின் மேல் ஒட்டும் உண்ணியாகிவிடும். உண்ணிச்செடி என்றாலோ லாண்டானா.

பிடிக்க வேண்டும், பிடித்ததிலிருந்து சத்தை உறிஞ்சவும் வேண்டும். அப்போதுதான் இந்தப் பெயர். நாய்க்கடுகின் பிசுபிசுத்த தண்டில் கொசு ஒட்டிச் சாகலாம், அதனால் அது ஊனுண்ணி ஆகாது. தொட்டாற்சுருங்கிக்கு இதில் இடமே இல்லை.

ட்ரோசிரா: கிரேக்கத்தில் 'ட்ரோசோஸ்' என்றால் பனி. 'சூரியப் பனித்துளி' ஆங்கிலப் பெயரின் நேர்பெயர்ப்பு, 'பனித்துளிச்செடி' போதும். இலையில் சிவந்த மயிர்கள், ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு பசைத்துளி. வெயில் ஏறினால் பனி காய்ந்துவிடும், இது காயாது. இலைகள் தரையோடு தரையாக வட்டமாகப் படர்ந்திருந்தால் பர்மானி என்னும் இனம். நிமிர்ந்த தண்டில் நூல்போல இருந்தால் இண்டிகா.

நெப்பந்தீஸ்: 'துயர் நீக்கி' என்னும் கிரேக்கச் சொல்லிலிருந்து லின்னேயஸ் வைத்த பெயர். 'கெண்டிச்செடி' என்பாரும் உண்டு. கெண்டிக்கு மூக்கு உண்டு, இதற்கு இல்லை, ஆகவே 'குடுவைச்செடி'. இலை நுனியின் பற்றுக்கம்பி தொங்கி, முனையில் குடுவையாகிறது. பூச்சி விழுந்ததும் மூடி சாத்திக்கொள்ளும் என்பது கட்டுக்கதை. இந்தியாவில் இயற்கையாக வளர்வது மேகாலயப் பகுதியின் காசியானா இனம் ஒன்றே, இலங்கையில் டிஸ்டிலேட்டோரியா. தமிழ்நாட்டில் பார்த்தீர்கள் என்றால் அது யாரோ நட்டது.

யூட்ரிகுலேரியா: இலத்தீனில் 'சிறு தோற்பை'. தமிழில் 'பைச்செடி'. இதற்கு வேரே கிடையாது. ஓர் இழையை வெள்ளைத் தட்டில் நீரோடு பரப்பிப் பத்து மடங்கு லென்சில் பாருங்கள்: ஓரிரு மில்லிமீட்டர்ப் பைகள் தெரியும். இவை மிதப்பதற்கான காற்றுப்பைகள் என்றே முன்பு நினைத்தார்கள். வாயருகே உள்ள மயிரில் இரை பட்டதும் கதவு உள்நோக்கித் திறந்து, நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்குள் நீரோடு இழுத்துக்கொள்கிறது. ஈரப் பாறையிலும் சேற்றிலும் வளரும் வகைகளுக்குப் பைகள் மண்ணுக்குள் புதைந்திருக்கும். மேலே சிறு பூ மட்டும் தெரிவதால் பலர் சாதாரணப் பூண்டு என்று கடந்துபோகிறார்கள்.